அப்பர்ச்சர் முன்னுரிமையா, முழு மேனுவலா?

படத்தில் பதியும் ஒளியின் அளவான எக்ஸ்போஷரைச் சரியாக அமைக்கக் கற்பவர், அப்பர்ச்சர் முன்னுரிமை முறையில் லென்ஸின் துளையளவை (அப்பர்ச்சரை) மட்டும் தேர்ந்தெடுத்து, ஷட்டர் வேகத்தைக் கேமராவிடமே விட்டுவிடலாம். ஆனால் எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதும் ஒளிமானி, வெண்பனியையும் வெள்ளைச் சுவரையும் மங்கலாக்கிவிடும் என்பதால், கேமரா கணித்த ஒளியளவைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் ஈடுசெய்தலை +1 ஸ்டாப் (இரு மடங்கு ஒளி) அளவுக்கு உயர்த்தவும், கரிய பின்னணிக்கு அதைக் குறைக்கவும் பழக வேண்டும். மேனுவல் முறையில் துளையளவு, ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) ஆகிய மூன்றையும் தாமே அமைப்பதால், எஃப்/8 துளையளவு, 1/125 நொடி என்பதும் எஃப்/5.6, 1/250 நொடி என்பதும் ஒரே அளவு ஒளியையே தருகின்றன என்ற கணக்கு விரைவில் மனத்தில் பதியும். மேகங்கள் சூரியனை மறைத்து மறைத்து விலகும் வெளியிடத்தில் மேனுவல் முறை தொல்லைதான்; விளக்கொளி மாறாத அறையிலேயே அதன் அருமை விளங்கும். தொடக்கத்திற்கு என் தேர்வு முதலாவதே. எதில் எடுத்தாலும், வெயிலில் ஏமாற்றும் கேமராத் திரையின் வெளிச்சத்தை நம்பாமல், படத்தின் ஒளிப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தில் வெளிச்சப் பகுதிகள் முட்டி நிற்கின்றனவா என்று பார்ப்பது நல்லது.