கட்டைவிரலா, ஆள்காட்டி விரலா? வளவில் நின்று ஃபோகஸ் பிடிக்க மூன்று வழிகள்

செட்டிநாட்டுக் கல்யாணத்தில் திருப்பூட்டுதல், அதாவது தாலி கட்டும் நேரத்தில், வளவில் (வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றிய இடத்தில்) நின்று படம் எடுத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மாப்பிள்ளையின் கை உயரும். அதே நொடியில் ஒரு ஆச்சி குறுக்கே கையை நீட்டுவார், பக்கத்தில் நிற்கும் பங்காளி ஒருவர் போனைத் தூக்குவார். கேமராவுக்கு அந்தக் கையும் போனும்தான் கிட்டத்தில் இருக்கின்றன. ஃபோகஸ் அங்கே தாவிவிடும். அதை இழுத்துத் திரும்ப முகத்துக்குக் கொண்டுவருவதற்குள் முடிச்சு விழுந்துவிடும்.

கூட வேலை பார்க்கும் தம்பி போன முகூர்த்தம் முடிந்து வரும்போது கேட்டான்: "அண்ணே, எல்லாரும் பேக் பட்டன் ஃபோகஸ் போடுங்கறாங்க. போட்டுரவா?" காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் போகும் வரை அதைத்தான் பேசிக்கொண்டு போனோம். அவனிடம் சொன்னதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதல் வழி, கேமரா பெட்டியிலிருந்து வரும்போதே இருப்பது. ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தினால் ஃபோகஸ், முழுதாக அழுத்தினால் படம். முகப்பில் குடும்பத்தை வரிசையாக நிறுத்தி எடுக்க, ஆத்தங்குடிக் கல் பாவிய தரையை எடுக்க, தேக்குத் தூணின் வேலைப்பாட்டை எடுக்க இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். பழகவும் தேவையில்லை.

இடிக்கும் இடம் வேறு. இதில் சிங்கிள் ஃபோகஸ் வைத்தால் பாதி அழுத்தியதும் தூரம் பூட்டிக்கொள்ளும், ஆள் அசைந்தால் போச்சு. 85 எம்எம் லென்ஸ், எஃப் 1.8 (லென்ஸின் வாயை அகலமாகத் திறந்து), ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமரா, ஆள் 2 மீட்டரில் என்று வையுங்கள். தெளிவாக விழும் ஆழம் மொத்தமே சுமார் 6 சென்டிமீட்டர்தான், நாலு விரல் அகலத்துக்கும் கொஞ்சம் குறைவு. பெண் தலையைக் குனிந்தாலே படத்தில் கண் தெளிவில்லாமல் போய்விடும். சரி, ஆள் அசைய அசைய விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸ் வைக்கலாம் என்றால் ஓரமாக ஆளை வைத்து ஃப்ரேம் கட்ட முடியாது. கேமராவைத் திருப்பியதும் பின்னால் இருக்கும் தூணுக்கு ஃபோகஸ் ஓடிவிடும். ஆகவே இரண்டு மோடுக்கும் நடுவே நாள் முழுக்க மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த மாற்றும் நேரத்தில்தான் நல்ல படங்கள் கைவிட்டுப் போகின்றன.

இரண்டாவது வழி பேக் பட்டன். ஃபோகஸ் வேலையை ஷட்டரிடமிருந்து பிடுங்கி, பின்பக்கம் கட்டைவிரல் படும் பட்டனுக்குக் கொடுப்பது. இது புதுச் சங்கதி இல்லை. 1989-ல் கேனான் ஈஓஎஸ் 630 என்ற ஃபிலிம் கேமராவிலேயே வந்துவிட்டது. இதில் தொடர் ஃபோகஸை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். கட்டைவிரலை அழுத்திப் பிடித்தால் ஆளைத் தொடரும். எடுத்துவிட்டால் நின்ற இடத்தில் நிற்கும், அப்புறம் ஃப்ரேமை எப்படி வேண்டுமானாலும் நகர்த்தலாம். மோடு மாற்றும் வேலையே கிடையாது. ஆச்சியின் கை குறுக்கே வருகிறதா, கட்டைவிரலை விடுங்கள். கை விலகியதும் திரும்ப அழுத்துங்கள். ஷட்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஒரு வசதிக்காகவே டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகை கேமரா) வைத்திருப்பவர்கள் இதைப் பழக வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்வேன்.

சிராவயல் மஞ்சுவிரட்டிலும் அதே கதை. காளை திமிறி வரும்போது கட்டைவிரல் ஊன்றியே இருக்கும். புழுதிக்குள் ஆள்கள் குறுக்கே பாய்ந்தால் விட்டுப் பிடிப்பேன். கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாயில் இன்னும் சுகம். பறவைகள் வெருளக்கூடாது என்று தீபாவளிக்கே வெடி போடாத ஊர் அது. கருவேல மரத்துக் கூட்டில் நத்தைகுத்தி நாரை உட்கார்ந்திருந்தால் ஒருமுறை ஃபோகஸ் பிடித்து விரலை எடுத்துவிடலாம். முன்னால் ஆடும் கிளைக்கு ஃபோகஸ் தாவாது. அது சிறகை விரித்த நொடியில் கட்டைவிரல் இறங்கும், தொடரத் தொடங்கிவிடும். மெனுவும் இல்லை, சுவிட்சும் இல்லை.

இதற்கும் விலை உண்டு. முதலில் கட்டைவிரல் மறந்துபோகும். எனக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆனது. பழகாமல் கல்யாணத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். நான் போனேன். போதாததற்குப் பந்தி நடக்கும்போது உதவிக்கு வந்த பையன் கையில் கேமராவைக் கொடுத்தேன், பின்பட்டனைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். இலை போட்டதிலிருந்து பாயசம் வரை அத்தனை படமும் கலங்கல். அந்த வீட்டு அப்பத்தா பரிமாறும் படம் ஒன்றுகூடத் தேறவில்லை. இன்றைக்கும் அது மனசில் உறுத்துகிறது.

இடது கண்ணால் வியூஃபைண்டர் பார்ப்பவர்களுக்குக் கட்டைவிரல் முகத்தில் இடிக்கும். சின்ன கேமரா பாடியில் பட்டன் எட்டாமல் விரல் மடங்கி வலிக்கும். நிக்கான்காரர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அவர்களுடைய டிஎஸ்எல்ஆர்களில் பின்பட்டனை அழுத்தினால் லென்ஸின் விஆர் (கை நடுக்கத்தைக் குறைக்கும் வசதி) ஓடாது, ஷட்டரைப் பாதி அழுத்தினால்தான் ஓடும். ஆகவே இரண்டு விரலும் வேலை செய்யட்டும்.

அமைப்பது எளிது. நிக்கானில் கஸ்டம் செட்டிங்ஸில் ஃபோகஸ் பகுதிக்குள் 'ஏஎஃப் ஆக்டிவேஷன்' (ஏஎஃப் என்றால் ஆட்டோஃபோகஸ்) என்று இருக்கும், அதை 'ஏஎஃப்-ஆன் ஒன்லி' ஆக்குங்கள். டி3500, டி5600 போன்ற சின்ன மாடல்களில் பின்பக்கம் ஏஇ-எல் ஏஎஃப்-எல் என்று எழுதிய பட்டனுக்கு ஏஎஃப்-ஆன், அதாவது ஃபோகஸ் பிடிக்கும் வேலையைக் கொடுத்தாலே ஷட்டரிலிருந்து ஃபோகஸ் விலகிவிடும். கேனானில் பட்டன்களை மாற்றும் பக்கத்தில் ஷட்டர் பாதி அழுத்தத்தை 'மீட்டரிங் ஸ்டார்ட்' (ஒளியை அளப்பது மட்டும்) ஆக்க வேண்டும். ஏஎஃப்-ஆன் இல்லாத பாடியில் நட்சத்திரம் போட்ட பட்டன் இருக்கிறது. சோனியில் 'ஏஎஃப் வித் ஷட்டர்', ஃபியூஜியில் 'ஷட்டர் ஏஎஃப்', இரண்டையும் அணைத்துவிட்டு ஒரு பட்டனுக்கு ஏஎஃப்-ஆன் கொடுங்கள். எல்லாவற்றிலும் ஃபோகஸ் மோடு தொடர் ஃபோகஸில் இருக்கட்டும். சிங்கிளில் வைத்துவிட்டு ஃப்ரேமை நகர்த்தினால் சில பாடிகளில் ஷட்டரே விழாது, பட்டன் கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்துவிடுவீர்கள்.

மூன்றாவது வழியைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. ஷட்டரில் தொடர் ஃபோகஸை அப்படியே வைத்துக்கொண்டு, பின்பட்டனுக்கு ஃபோகஸை நிறுத்தும் வேலையைக் கொடுப்பது. கேனானில் 'ஏஎஃப் ஆஃப்', நிக்கானில் 'ஏஎஃப் லாக் ஒன்லி' என்பார்கள். இதில் கட்டைவிரல் தலைகீழாக வேலை செய்கிறது. அழுத்தினால் நிற்கும், விட்டால் தொடரும். கண்ணைக் கண்டுபிடித்துத் தானே ஒட்டிக்கொள்ளும் புது மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமரா என்றால் எனக்கு இதுதான் பிடிக்கிறது. பெரும்பாலான நேரம் கேமராவே கண்ணை விடாமல் பிடித்துக்கொள்கிறது. அதற்காக நாள் முழுக்கக் கட்டைவிரலை ஊன்றிக்கொண்டே நிற்பது வீண் உழைப்பு. முகத்தை மறைத்துக் கை வரும்போது மட்டும் ஒரு அழுத்து அழுத்தினால் போதும். வேறு யார் வாங்கி எடுத்தாலும் படம் கலங்காது. ஆனால் கூட்டிலிருக்கும் நாரைக்காக அரை மணி நேரம் காத்திருக்கும்போது விரலை அழுத்திக்கொண்டே இருக்க முடியாது, அங்கே பேக் பட்டனுக்கு இது ஈடாகாது.

தம்பியிடம் இருப்பது பழைய நிக்கான் டி750. அவனுக்கு இரண்டாவது வழிதான் என்று முடிவு சொன்னேன். அந்த பாடியில் தனி ஏஎஃப்-ஆன் பட்டன் கிடையாது, ஏஇ-எல் ஏஎஃப்-எல் பட்டனுக்கே அந்த வேலையைக் கொடுத்தோம். மேலே இருக்கும் டயலில் யு1-ல் பேக் பட்டன், யு2-ல் சாதா ஷட்டர் ஃபோகஸ் என்று இரண்டையும் சேமித்துக் கொடுத்தேன். யார் கையிலாவது கேமராவைக் கொடுக்கும் முன் டயலை யு2-க்குத் திருப்ப வேண்டும். அடுத்த முகூர்த்தத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதுவரை தினமும் காலையில் புது பஸ் ஸ்டாண்டு வாசலில் நின்று, உள்ளே திரும்பும் பஸ்களை எடுத்துப் பழகச் சொல்லியிருக்கிறேன்.