கிரிட் வலுவுக்கு எது: சிங்க்ரோனஸ் கண்டென்சரா, பேட்டரியா?

சிங்க்ரோனஸ் கண்டென்சர் என்பது எரிபொருள் இல்லாமல், மின்கட்டமைப்பின் (கிரிட்) அதிர்வெண்ணோடு ஒத்துச் சுழன்று வோல்டேஜைத் தாங்கும் பெரிய மின் இயந்திரம். தெற்கு ஆஸ்திரேலியாவில் இரண்டுமே ஓடுகின்றன. 2016 செப்டம்பர் 28 புயலில் கோபுரங்கள் சாய்ந்து வோல்டேஜ் திரும்பத் திரும்ப விழுந்ததும், காற்றாலைகள் தங்கள் பாதுகாப்பு வரம்பை எட்டி உற்பத்தியைக் குறைத்தன. ஏழு நொடிக்குள் 456 மெகாவாட் போயிற்று. விக்டோரியாவோடு இணைக்கும் ஹேவுட் லைனும் டிரிப்பாகி மாநிலமே இருண்டது. அதன் பிறகு 2017-ல் ஹார்ன்ஸ்டேல் பேட்டரி வந்தது. 2021-ல் டேவன்போர்ட், ராபர்ட்ஸ்டவுன் துணை மின் நிலையங்களில் ஃப்ளைவீலோடு (சுழல் ஆற்றலைச் சேமிக்கும் கனமான சக்கரம்) இரண்டிரண்டு கண்டென்சர்கள் வந்தன.

அதிர்வெண்ணைப் பிடித்து நிறுத்துவதில் பேட்டரிதான் கெட்டி. ஃப்ளைவீலின் சுழல் ஆற்றல் சில நொடிகளில் தீர்ந்துவிடும், பேட்டரி மணிக்கணக்கில் கொடுக்கும். வருமானமும் பேட்டரிக்குத்தான். கண்டென்சர் சும்மா சுற்றுவதற்கே தன் திறனில் ஒன்றிரண்டு சதவீதத்தைத் தின்னும்.

ஆனாலும் அனல் நிலையத்தை மூடிவிட்டு சோலாரும் காற்றாலையும் குவிந்த கடைக்கோடி லைன் என்றால் என் ஓட்டு கண்டென்சருக்கே. காரணம் ஒன்றுதான்: ஷார்ட் சர்க்யூட் கரண்ட். லைனில் பழுது வந்தால் ரிலே அதை உணர்ந்து பிரேக்கரைத் திறக்க, பெரிய கரண்ட் பாய வேண்டும். 100 எம்.வி.ஏ. (மின் இயந்திரத்தின் திறனைச் சொல்லும் அலகு) கண்டென்சரின் உள் ரியாக்டன்ஸ், அதாவது கரண்டை மட்டுப்படுத்தும் தடை, 18 சதவீதம், டிரான்ஸ்ஃபார்மருடையது 12 என்று வையுங்கள். இரண்டும் சேர்ந்து 30 சதவீதம்; 100-ஐ 0.3-ஆல் வகுத்தால், பஸ்ஸில் (துணை நிலையத்தில் லைன்கள் சேருமிடம்) சுமார் 330 எம்.வி.ஏ. கிடைக்கும். பேட்டரியின் டி.சி. மின்சாரத்தை ஏ.சி.யாக்கும் அதே அளவு இன்வெர்ட்டர், தன் செமிகண்டக்டர் எரியாமலிருக்க 1.2 மடங்கோடு நின்றுவிடும்: 120. கண்டென்சருக்கு ஈடுகட்ட கிட்டத்தட்ட 275 எம்.வி.ஏ. இன்வெர்ட்டர் வேண்டும். அளவு மட்டுமல்ல, கரண்டின் கோணத்தையும் நெகட்டிவ் சீக்வென்ஸையும் (மூன்று ஃபேஸும் சமமில்லாதபோது வரும் கரண்ட் கூறு) இன்வெர்ட்டரின் மென்பொருளே தீர்மானிப்பதால், பழுதின் தூரத்தைக் கணிக்கும் டிஸ்டன்ஸ் ரிலே, பழுது முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்றே குழம்பும்.

கிரிட்டைப் பின்தொடராமல் தானே வோல்டேஜை உருவாக்கும் கிரிட்-ஃபார்மிங் இன்வெர்ட்டர் வைத்தால் போதாதா? வோல்டேஜ் ஆடாமல் பிடிக்க நன்றாகவே உதவும். ஆனால் மாலை விலையேற்றத்தில் முழுத்திறனில் விற்றுக்கொண்டிருக்கும் பேட்டரியிடம் கூடுதல் கரண்டுக்கு இடமிருக்காது. ஒதுக்கிவைக்கச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். ஹார்ன்ஸ்டேல் இந்த வகையில் இனர்ஷியா (அதிர்வெண் சட்டென்று மாறாமல் தடுக்கும் தன்மை) சேவையைத் தொடங்கியதே 2022-ல்தான், அதனால் நீண்டகால ஆயுளைப் பற்றி இப்போதே அடித்துச் சொல்ல முடியாது.

பராமரிப்பில் பேட்டரிக்குக் குளிரூட்டலும் செல் தேய்மானமும் தலைவலி. கண்டென்சருக்குப் பேரிங் ஆயில். ஃப்ளைவீலோடு 1500 ஆர்.பி.எம்.மில் சுற்றும் ரோட்டர் நிற்க நெடுநேரம் ஆகும். நடுவில் ஆயில் நின்றால் பேரிங்கின் உட்பூச்சான மென்மையான வெள்ளை உலோகம் உருகி, ஷாஃப்ட்டும் கீறிப்போகும். எனவே கமிஷனிங்கின்போது (இயக்கத்துக்கு ஏற்கும் முன் நடக்கும் சோதனை), முதலில் குறைந்த வேகத்திலும் பிறகு முழு வேகத்திலும், ஏ.சி. மின்சாரத்தில் ஓடும் முதன்மை ஆயில் பம்பை வேண்டுமென்றே நிறுத்துங்கள். ஆயில் பிரஷர் டிரிப் அளவுக்கு இறங்கும் முன் பேட்டரி மின்சாரத்தில் ஓடும் அவசர டி.சி. பம்ப் தானாக எடுக்காவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.