நாற்பது பேரை யார் கணக்கில் எடுப்பது? கான்ட்ராக்ட், குறித்த கால வேலை, அப்ரண்டிஸ்: ஒரு ஒப்பீடு

புது ஆர்டர் வந்திருக்கிறது, அடுத்த மாதம் முதல் பிரஸ் ஷாப்பில் இன்னொரு ஷிப்ட் ஓட்ட வேண்டும், நாற்பது பேர் தேவை. புரொடக்‌ஷன் மேனேஜர் ஹெச்ஆர் அறைக்கு வந்து கேட்பது "ஆள் எப்போ வருவாங்க?" என்று மட்டும்தான். யாருடைய ரோலில், அதாவது யாருடைய சம்பளப் பட்டியலில் வருவார்கள் என்பது அவருடைய கவலை இல்லை. அது நம் கவலை. ஒரகடமோ ஓசூரோ கோவையோ, நம்மில் பெரும்பாலோர் அந்த நேரத்தில் செய்வது ஒன்றுதான்: லேபர் கான்ட்ராக்டருக்குப் போன் போடுவது. நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன்.

பழைய மத்தியத் தொழிலாளர் சட்டங்கள் பலவற்றை ஒன்றுசேர்த்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டன. கான்ட்ராக்ட், ஒப்பந்தத்தில் எழுதிய காலத்துக்கு மட்டும் கம்பெனியே நேரடியாக எடுக்கும் குறித்த கால வேலை, அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) என்ற மூன்று வழிகளையும் இப்போது புதிதாக எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கான்ட்ராக்ட் மலிவு என்கிறார்களே

முதலில் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 15,000 ரூபாய் வாங்கும் ஒருவர். கம்பெனி பங்கு பிஎஃப் 12 சதவீதம், நிர்வாகச் செலவும் இன்ஷூரன்ஸும் சேர்த்து 13 சதவீதம், ஆக 1,950. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐ 3.25 சதவீதம், 488. போனஸை முழுச் சம்பளத்துக்கும் 8.33 சதவீதம் என்று வைத்தால் 1,250. மொத்தம் 18,688 ரூபாய். இதுவரை கான்ட்ராக்டருக்கும் நமக்கும் செலவில் ஒரு ரூபாய் வித்தியாசம் கிடையாது. அவர் 8 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் கேட்கிறார் என்று வையுங்கள், 20,183 ஆகிறது. அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. அது பிறகு கிரெடிட்டாகத் திரும்பினாலும் அதுவரை நம் பணம்தான் முடங்குகிறது.

அதே ஆளைக் குறித்த கால வேலையில் நேரடியாக எடுத்தால், கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடைக்கு) 4.81 சதவீதம் ஒதுக்கினாலும் 19,410தான். கான்ட்ராக்ட்தான் தலைக்கு 773 ரூபாய் அதிகம்.

அப்படியானால் கான்ட்ராக்டர் எப்படிக் குறைந்த ரேட் கொடுக்கிறார்? இந்தக் கேள்வியைக் கொட்டேஷன் மேஜையிலேயே கேட்டுவிட வேண்டும். ஒன்று, நிரந்தரத் தொழிலாளி செய்யும் அதே வேலைக்கு இவருக்குக் குறைந்த கூலி. இல்லையென்றால் பிஎஃப்பில் கை வைக்கிறார். மூன்றாவது வழி ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை.

பிஎஃப்பில் கை வைப்பதை ஒருமுறை நேரிலேயே பார்த்தேன். அப்போது நான் இருந்த தொழிற்சாலையில் 42 கான்ட்ராக்ட் ஆட்கள். மாதாமாதம் பில்லோடு பிஎஃப் சலான் வரும், தொகை சரியாக இருக்கும், அக்கவுண்ட்ஸில் பாஸ் ஆகிவிடும். ஒருநாள் வெல்டிங்கில் இருந்த ஒரு தம்பி செல்போனை நீட்டினார். "சார், எட்டு மாசமா என் பாஸ்புக்ல ஒண்ணுமே ஏறல." அன்று சாயந்தரம் கேட் மஸ்டரையும் (வருகைப் பதிவேடு) சலானுடன் வந்த ஈசிஆரையும் (யார் யாருக்கு பிஎஃப் கட்டியது என்ற பெயர்ப் பட்டியல்) பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஸ்கேல் வைத்து வரி வரியாகப் பார்த்தேன். 42 பேரில் 17 பேரின் பெயரே இல்லை. அந்த இடத்தில் நாங்கள் கேள்வியே படாத 17 பெயர்கள். வேறு எங்கோ வேலை பார்த்தவர்களைக் காட்டி எண்ணிக்கையைச் சரிக்கட்டியிருந்தார். தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். அந்த 17 பேருக்கும் கம்பெனிதான் மறுபடி கட்டியது. கான்ட்ராக்டருக்கு ஏற்கெனவே கொடுத்த பணம் அவரிடமே போய்விட்டது.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. கான்ட்ராக்டர் கூலி கொடுக்காவிட்டால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது கம்பெனி, கொடுக்க வேண்டும் என்பது 1970ஆம் வருட கான்ட்ராக்ட் தொழிலாளர் சட்டத்திலேயே உண்டு, புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. கூடுதலாக ஒன்று வந்திருக்கிறது. கேன்டீன், கழிப்பறை, ஓய்வறை போன்ற நலவசதிகளை முன்பு முதலில் கான்ட்ராக்டர் தலையில் வைத்தார்கள். இப்போது அது நேரடியாகவே நம் பொறுப்பு.

பெரிய மாற்றம் வேறு. தொழிற்சாலையின் மைய வேலைக்கு, அதாவது அது எதற்காக நடக்கிறதோ அந்த வேலைக்கு, கான்ட்ராக்ட் ஆள் வைக்கக் கூடாது என்பது இப்போது பொது விதி. துப்புரவு, காவல், கேன்டீன், ஏற்றி இறக்குவது, தோட்ட வேலை போன்றவை பொதுவாக மைய வேலையில் சேராது. திடீரென்று வேலை கூடி, குறித்த நாளுக்குள் முடிக்க வேண்டி வந்தால் மைய வேலைக்கும் விலக்கு உண்டு. ஆனால் ஆண்டு முழுக்க ஓடும் பிரஸ் லைனைத் "திடீர் வேலை" என்று எத்தனை வருடம் சொல்ல முடியும்?

சட்டத்தின் இந்தப் பகுதி 50 அல்லது அதற்கு மேல் கான்ட்ராக்ட் ஆட்கள் இருந்தால்தான் பொருந்தும் என்பதால் 49 பேரோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த 49 பேரில் ஒருவருடைய பிஎஃப் விட்டுப்போனாலும் நோட்டீஸ் வருவது நம் முகவரிக்குத்தான்.

நீதிமன்றம் என்ன பார்க்கும் என்பதும் தெரிந்ததே. 2001இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, கான்ட்ராக்ட் முறை ஒழிக்கப்பட்டாலும் ஆட்கள் தானாகவே நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்றது. அதைப் பார்த்துப் பல நிர்வாகங்கள் நிம்மதியடைந்தன. ஆனால் அதே தீர்ப்பு, ஒப்பந்தம் வெறும் போர்வை என்று தெரிந்தால் அவர்கள் கம்பெனியின் ஆட்களே என்றும் சொல்கிறது. உங்கள் ஷிப்ட் சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் கான்ட்ராக்ட் ஆளுக்கு லீவு கொடுக்கிறாரா, ஓவர்டைம் போடச் சொல்கிறாரா, மெமோ கொடுக்கிறாரா? அந்தப் போர்வை எவ்வளவு மெல்லியது என்பதற்கு உங்கள் போனிலேயே சாட்சி இருக்கிறது.

குறித்த கால வேலை

மூன்றில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். மத்திய அரசு 2018இல் எல்லாத் தொழில்களுக்கும் இதைத் திறந்துவிட்டது. தொழில் உறவுத் தொகுப்பில் இப்போது சட்டமாகவே இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். அதே வேலை செய்யும் நிரந்தரத் தொழிலாளிக்கு என்ன நேரம், என்ன சம்பளம், என்ன படி, என்ன சலுகையோ அவையெல்லாம் இவருக்கும். கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடம் காத்திருக்க வேண்டாம், ஒரு வருடம் முடிந்தாலே வேலை செய்த காலத்துக்கு ஏற்ப உண்டு. காலம் முடிந்து அனுப்பினால் அது ஆட்குறைப்பு ஆகாது, அந்த இழப்பீடும் இல்லை. நிர்வாகத்துக்கு உண்மையான லாபம் இந்தக் கடைசி வரியில்தான்.

தொழிலாளிக்கு வேறொரு லாபம். சம்பளம் யாரிடம் கேட்பது, லீவு யாரிடம் சொல்வது, விபத்து நடந்தால் யார் வருவார் என்ற மூன்று கேள்விக்கும் ஒரே பதில். இடையில் ஆள் கிடையாது.

இதிலும் கவனமாக இருக்க வேண்டிய இடங்கள் உண்டு. பெண்களை எடுக்கும்போது "ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது, பேறுகால விடுப்பும் மார்ச்சோடு சரி" என்று கணக்குப் போடாதீர்கள். டெல்லியில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்த மருத்துவர் ஒருவருக்கு அப்படித்தான் சொன்னார்கள். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், தகுதி பெற்றுவிட்டால் பேறுகாலச் சலுகை ஒப்பந்தக் காலம் தாண்டியும் முழுதாகத் தரப்பட வேண்டும் என்று தீர்த்தது. கடைசி நாள் கணக்கும் முக்கியம். வேலை முடிந்த இரண்டு வேலைநாளுக்குள் பாக்கிச் சம்பளம் கைக்குப் போக வேண்டும். "அடுத்த மாச சம்பளத்தோட பாத்துக்கலாம்" என்பது இனி நடக்காது.

தமிழ்நாட்டில் இருக்கும் நமக்கு இன்னொரு சட்டமும் இருக்கிறது. வெளிமாநிலத்துத் தலைமை அலுவலகத்திலிருந்து கொள்கை எழுதி அனுப்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் இது தெரிவதில்லை. 1981ஆம் ஆண்டின் நிரந்தரத் தகுதி வழங்கல் சட்டம். 24 காலண்டர் மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளி நிரந்தரமாக்கப்பட வேண்டும் என்கிறது அது. மாதம் 26 நாள் வைத்தால் பத்தொன்பதாவது மாதத்திலேயே 480 வந்துவிடும். மத்திய தொகுப்புகள் விழுங்கியது மத்தியச் சட்டங்களை. இது மாநிலச் சட்டம். குறித்த காலம் என்று மேலே எழுதிவிட்டதாலேயே இது ஒதுங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் நான் யாருக்கும் மூன்று வருட ஒப்பந்தம் போட மாட்டேன். பதினைந்தாவது மாதத்திலேயே அந்த ஆளைப் பற்றி ஒரு முடிவு எடுத்துவிடச் சொல்வேன்.

பதினோரு மாதத்தில் "பிரேக்" கொடுத்து, பத்து நாள் கழித்து அதே ஆளை அதே மெஷினில் நிறுத்துவது பற்றிக் கேட்பீர்கள். நிரந்தரத்தைத் தட்டிக்கழிக்கவே ஆட்களைத் தற்காலிகமாக வருடக்கணக்கில் வைத்திருப்பது நியாயமற்ற தொழிலாளர் நடைமுறை என்று சட்டத்தின் அட்டவணையிலேயே எழுதியிருக்கிறது. அந்தப் பத்து நாள் அவர் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்பது எந்த அட்டவணையிலும் இருக்காது. நாம்தான் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அப்ரண்டிஸ்

பேப்பரில் மிக மலிவு இதுதான். பிஎஃப், இஎஸ்ஐ, போனஸ் எதுவும் இல்லை. உதவித்தொகையில் மத்திய அரசே மாதம் 1,500 ரூபாய் வரை தருகிறது. 30 அல்லது அதற்கு மேல் ஆட்கள் உள்ள இடங்களில் இது கட்டாயமும்கூட. கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்த மொத்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை எடுக்க வேண்டும். அந்த அளவுக்குள், உண்மையாகவே கற்றுக்கொடுத்தால், இதைவிட நல்ல வழி இல்லை. ஐடிஐ முடித்து வந்த பிள்ளைகள் ஒரு வருடத்தில் டை செட்டிங் பழகி, நிரந்தரமாகச் சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நாற்பது பேர் பள்ளத்தை அடைக்க இதைப் பயன்படுத்துவதைத்தான் ஏற்க முடியவில்லை. அப்ரண்டிஸ் சட்டப்படி அவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி இல்லை. எனவே இஎஸ்ஐ கார்டு கிடையாது. பவர் பிரஸ்ஸில் ஒரு விரல் போனால் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் இழப்பீட்டுக்கும் கம்பெனிதான் நேரடியாக நிற்க வேண்டும். கார்டு இருக்கும் தொழிலாளியை விட்டுவிட்டு, கார்டு இல்லாத பத்தொன்பது வயதுப் பையனை நைட் ஷிப்டில் பிரஸ் முன் தனியாக நிறுத்துகிறோம் என்றால், மிச்சப்படுத்தியது எதை?

பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்துக்கு மட்டும் இந்த மூன்று ரோலும் ஒன்றே. கான்ட்ராக்ட் பெண்ணும் அப்ரண்டிஸ் பெண்ணும் உங்கள் உள்ளகக் குழுவிடமே புகார் கொடுக்கலாம். குழு உறுப்பினர்கள் பெயர் கேன்டீன் சுவரில் தமிழிலும் இந்தியிலும் இருக்கிறதா என்று இன்றே போய்ப் பாருங்கள்.

அந்த நாற்பது பேர்

கேன்டீன், காவல், லோடிங்குக்கு கான்ட்ராக்ட் இருக்கட்டும். ஆனால் பில் பாஸ் ஆகும் முன் ஈசிஆரில் பெயர் பெயராகச் சரிபார்க்கும் வேலையை ஹெச்ஆரில் ஒருவரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அப்ரண்டிஸ்களுக்கு யார் கற்றுக்கொடுப்பார் என்று பெயர் சொல்ல முடிந்தால் எடுங்கள். பிரஸ் ஷாப்பின் நாற்பது பேரைக் கம்பெனியே குறித்த கால வேலையில் எடுக்கட்டும். அந்த ஆர்டர் மூன்று வருடம் ஓடப்போகிறது என்று மார்க்கெட்டிங் சொன்னால், இருபது பேரை முதல் நாளிலேயே நிரந்தரத்துக்கான புரொபேஷனில் எடுங்கள் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். என் தொழிற்சாலையில் கேட்டேன். பன்னிரண்டுக்குச் சம்மதித்தார்கள். பாஸ்புக்கைக் காட்டிய அந்தத் தம்பி அந்தப் பன்னிரண்டில் ஒருவர்.