என்பிஏ கூடைப்பந்தில் சம்பளத்துக்கு ஏற்ற சென்டர் (வளையத்தருகே ஆடும் உயரமான ஆட்டக்காரர்) யார்: ஷெங்குனா, ஏய்ட்டனா?

டியாண்ட்ரே ஏய்ட்டன் 2018 டிராஃப்டில் (அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் ஆளாக ஃபீனிக்ஸ் அணிக்குப் போனவர். 2021 பிளேஆஃபில் (பட்டத்துக்கான இறுதிச் சுற்றுகள்) 0.9 வினாடி மிச்சமிருக்க, சகா ஜே கிரவுடர் வளையத்துக்கு மேலே வீசிய பந்தை அப்படியே உள்ளே திணித்து கிளிப்பர்ஸ் அணியைத் தோற்கடித்தார். மறு ஆண்டு இந்தியானா அணி நீட்டிய 4 ஆண்டு, 13.3 கோடி டாலர் ஒப்பந்தத்தை ஃபீனிக்ஸே தானும் கொடுத்து அவரைத் தக்கவைத்தது. அப்புறம்? 2023இல் போர்ட்லாண்டுக்கு அனுப்பினார்கள். 2025இல் அவர்களும் கணக்கு முடித்து விட்டுவிட்டார்கள். ரீபவுண்டுக்கு (தவறிய எறிவைப் பிடிப்பது) குறைவில்லை, ஆனால் உடம்புக்கேற்ற முரட்டுத்தனம் வரவே இல்லை.

ஹூஸ்டனின் அல்பெரென் ஷெங்குன் 2021இல் 16ஆவது தேர்வு. 2024 அக்டோபரில் 5 ஆண்டுக்கு 18.5 கோடி டாலர். அது அமலுக்கு வருவதற்குள்ளேயே, 2025இல், ஆல்-ஸ்டார் (லீக்கின் சிறந்தவர்கள் மோதும் காட்சி ஆட்டத்துக்குத் தேர்வானவர்) ஆகிவிட்டார். வளையத்துக்கு முதுகைக் காட்டி நின்று, தோளால் ஒரு பக்கம் போக்குக்காட்டி மறுபக்கம் திரும்புவார். தடுக்க இரண்டாவது ஆள் வந்தால் பந்து ஏற்கெனவே ஓடிவரும் சகாவின் கையில் இருக்கும். ஏய்ட்டன் அடுத்தவர் பாஸுக்குக் காத்திருப்பவர். ஷெங்குன் வழியாகவே ஆட்டம் நடக்கிறது. தூரத்து எறிவு சுமார்தான், சரி. அதையும் கழித்துப் பார்த்தாலும் ஹூஸ்டனுக்கு லாபம்தான் என்பேன்.