5 வொய்யா ஃபிஷ்போனா? ப்ரோட்டோகால் டீவியேஷனுக்கு எது செட் ஆகும்

க்ளினிக்கல் ட்ரையல்ல டீவியேஷன், அதாவது ப்ரோட்டோகால்ங்கற ஆய்வுத் திட்டத்தை மீறினது, வந்தா, காரணம்ங்கற இடத்துல "சிஆர்சி கவனக்குறைவு" (ட்ரையல் நடக்கற ஆஸ்பத்திரியில, அதாவது சைட்ல, அதை ஒருங்கிணைக்கறவர்தான் சிஆர்சி), கேப்பால (திருத்த, தடுப்பு நடவடிக்கை) "ரீட்ரெய்னிங் கொடுத்தாச்சு", அவ்ளோதான், ஃபைல் க்ளோஸ். அப்புறம் அதே டீவியேஷன் திரும்ப வந்து நிக்கும். பேஷண்ட் பாதுகாப்பையோ டேட்டாவையோ பெருசா பாதிக்கற மீறல்னா ஸ்பான்சர் (ட்ரையலுக்கு பொறுப்பான கம்பெனி) மூலகாரணத்தை தேடியே ஆகணும்னு 2016லயே ஐசிஹெச் இ6 ஆர்2ங்கற சர்வதேச ட்ரையல் வழிகாட்டி சொல்லிடுச்சு.

மூலகாரணம் கிடைக்கற வரைக்கும் ஏன், ஏன்னு கேட்டுட்டே போற 5 வொய் டொயோட்டால பொறந்தது. ஒத்தை டீவியேஷனுக்கு இதை அடிச்சுக்க ஆளில்ல. உதாரணத்துக்கு டே 1லருந்து (ட்ரையலோட முதல் நாள்) எண்ணி 28ம் நாள் ஒரு விசிட், 56ம் நாள் ஒரு விசிட், விண்டோ (முன்னபின்ன வரலாம்ங்கற அளவு) ±3 நாள்னு வைங்க. ரெண்டாவது விசிட்டுக்கு பேஷண்ட் 60ம் நாள் வந்தாரு, விண்டோ தாண்டிடுச்சு. ஏன்? அப்பாயின்மென்ட்டே 58க்குதான், அன்னிக்கு அவரால வர முடியல. ஏன் 58? போன விசிட் 30ல நடந்துச்சு, அதுலருந்து 28 நாள் எண்ணிட்டாங்க. ஏன் டே 1லருந்து எண்ணல? சைட்டுக்கு கொடுத்த ஒர்க்ஷீட்ல "அடுத்த விசிட் தேதி"ன்னு காலி கட்டம் மட்டும்தான் இருக்கு, டே 1 தேதியே அந்தப் பக்கத்துல இல்ல! இப்ப சொல்லுங்க, ரீட்ரெய்னிங் கொடுத்து என்ன ஆகப்போகுது? ரேண்டமைசேஷன் (எந்த பேஷண்டுக்கு எந்த சிகிச்சைன்னு குலுக்கல் முறையில ஒதுக்கறது) அன்னிக்கே எல்லா விண்டோவையும் கணக்கு போட்டு ப்ரின்ட் எடுத்து ஃபைல்ல வெச்சா முடிஞ்சுது. ஆனா மானிட்டர் (ஸ்பான்சர் சார்பா சைட்டை சரிபாக்கறவர்) தனியா உக்காந்து இதை நிரப்பினா ரெண்டாவது ஏன்லயே ஒரு ஆள் தலையில பழி விழுந்துடும், அதுதான் இதோட பெரிய ஆபத்து.

ஜப்பான் இஷிகாவா கொடுத்த ஃபிஷ்போன் வேற ரகம், பிரச்சனையை மீன் தலையாவும் காரணங்களை முள்ளாவும் வரையற படம் அது. பிகே சாம்பிள் (உடம்புல மருந்து எவ்ளோ இருக்குன்னு பாக்க எடுக்கற ரத்தம்) எடுக்கற நேரம் பல பேஷண்டுக்கு தவறுதுன்னா ஒரே கோட்டுல போய் காரணம் கிடைக்காது, ஷிஃப்ட் மாறுற நேரம், வேற மாடியில இருக்கற சென்ட்ரிஃப்யூஜ், வார்டு கடிகாரமும் லேப் கடிகாரமும் ஒத்துப்போகாதது எல்லாம் சேந்துதான் வேலைய காட்டும். இதுல குறை என்னன்னா படம் ரொம்பிடும், எந்த முள்ளு முக்கியம்னு அது சொல்லாது, டீவியேஷன் லாகை (மீறல்களை குறிச்சு வெச்ச பட்டியல்) பக்கத்துல வெச்சு ஒவ்வொண்ணா ஒத்துப்பாக்கணும்.

என் முடிவு இதுதான்: ஒரு தடவை நடந்ததுக்கு 5 வொய். திரும்பத் திரும்ப வர்றதுக்கும், பல சைட்ல வர்றதுக்கும் முதல்ல ஃபிஷ்போன், அதுல ஆதாரம் நிக்கற முள்ளுக்கு மட்டும் 5 வொய். எதை எடுத்தாலும் சிஆர்சியும் வார்டு நர்ஸும் அந்த ரூம்ல இருக்கணும், தயவுசெஞ்சு அவங்க இல்லாம மீட்டிங் போடாதீங்க.