மூன்று ஆண்டுகள், இரண்டு சைக்கிள்கள், ஒரு பின் சில்லு

என் எடை 112 கிலோ. கோண்டாவிலில் இருந்து யாழ். நகருக்கு வேலைக்குப் போய்வர 41 வயதில்தான் முதன்முதலாகச் சைக்கிள் வாங்கினேன். நிறத்தைப் பார்த்தேன், கியரைப் பார்த்தேன், சில்லைப் பார்க்கவில்லை.

நான்காவது மாதம் பலாலி வீதியில் 'டிங்' என்றொரு சத்தம். பின் சில்லில் கம்பி ஒன்று அறுந்திருந்தது. மாற்றினேன். இரண்டு கிழமையில் அடுத்தது அறுந்தது, பிறகு இன்னொன்று. எல்லாமே செயின் பக்கம், கம்பி வளைந்து சில்லின் நடுவிலுள்ள ஹப்புக்குள் நுழையும் இடத்தில். நான் என் உடம்பையே நொந்துகொண்டேன்.

திருநெல்வேலியில் சைக்கிள் திருத்தும் ஐயா ஒருவர் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து நசுக்கிப் பார்த்தார். "உங்களுடைய பாரத்தில் பிழையில்லை, பிள்ளை. இதை இறுக்கியவிதம்தான் பிழை" என்றார். தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் நெகிழ்ந்து இழுபட்டுக் களைத்துப்போகும். ஒன்று அறுந்தால் அதன் சுமையும் களைத்த மற்றக் கம்பிகளில் ஏறும். அதனால் ஒவ்வொன்றாக மாற்றிப் பயனில்லை. அவர் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது.

எரிபொருள் கிடைக்காத 1990களில் அப்பா தன் பெரிய சைக்கிளில் அரிசி மூட்டையும் கட்டி, என்னையும் ஏற்றிக்கொண்டு வருவார். அதன் முன் சில்லில் 32 கம்பிகள், பின் சில்லில் 40. பாரம் பின்னால்தான் கூட விழுகிறது என்பதை அந்தக் காலத்திலேயே கணக்கில் எடுத்திருக்கிறார்கள்.

இரண்டாவது சைக்கிளை அந்தக் கணக்கோடு தேடினேன். இரும்புச் சட்டம், தாழ்வாகக் கால் வைத்து ஏறும் அமைப்பு, கைபிடிப் பக்கமிருந்து பெடல் பக்கம் கீழிறங்கும் குழாய் ஒன்றல்ல, இரண்டு. ஒற்றைக் குழாய் என்றால் பாரத்துக்கு நெளியும். 26 அங்குலச் சில்லு, 36 கம்பிகள், 2 அங்குல அகல ரயர். எத்தனை கிலோ தாங்கும் என்று கடையில் நேராகவே கேட்டேன். முதல் மாதம் ஓடியதும் அதே ஐயாவிடம் கொடுத்துக் கம்பிகளை மீண்டும் இறுக்குவித்தேன். இன்றுவரை ஒரு கம்பியும் அறவில்லை.

கிழமைக்கு ஒருமுறை காற்றடிக்கிறேன், ரயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு. காற்றுக் குறைந்தால் பள்ளத்தில் விழும்போது ரியூப் ரிம்மில் நசுங்கி இரண்டு ஓட்டை விழும். பஞ்சு மெத்தென்ற சீட் அரை மணியில் வலித்தது. அகலமான, சற்றுக் கடினமான சீட்டுக்கு மாறினேன். நம் சமதரை வீதிகளுக்குக் கியர் அவ்வளவு தேவையில்லை. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் போகும்போது மட்டும் முன்னைய சைக்கிளின் கியரை நினைப்பேன். பிறேக் கட்டைகள் எனக்கு விரைவில் தேய்கின்றன. மழை தொடங்கும் முன் மாற்றிவிடுகிறேன்.