கேள்வி கேட்பது யார்: சொந்தக்காரரா, தொகுப்பாளரா?

உறவு, பணம், இழப்பு பற்றி மனம்விட்டுப் பேசவைத்துப் பதிவுசெய்ய அமெரிக்காவில் இரண்டு வழிகள் நிலைபெற்றிருக்கின்றன.

வானொலித் தயாரிப்பாளர் டேவ் ஐசே 2003-இல் நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு சிறு பதிவறையோடு ஸ்டோரிகார்ப்ஸ் என்ற, சாதாரண மக்களின் உரையாடல்களைப் பதிவுசெய்யும் திட்டத்தைத் தொடங்கினார். அங்கே கேள்வி கேட்பவர் நிருபர் அல்ல. மகள், கணவன் அல்லது பழைய நண்பர். நேரம் 40 நிமிடம். மைக்கைப் பார்த்துக்கொள்ள ஓர் உதவியாளர் கூடவே இருப்பார். பேசியவர்கள் சம்மதித்தால் பதிவு அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான காங்கிரஸ் நூலகத்தில் பாதுகாக்கப்படும்.

அன்னா சேல் 2014-இல் நியூயார்க்கின் டபிள்யூஎன்ஒய்சி வானொலியில் தொடங்கிய 'டெத், செக்ஸ் அண்ட் மணி' பாட்காஸ்ட் வேறு வகை. இங்கே கேட்பவர் வெளியாள், அதாவது தொகுப்பாளர்.

இழப்பைப் பேச எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். இறந்துபோன அம்மாவைப் பற்றி அண்ணனும் தங்கையும் பேசும்போது பாதி வாக்கியமே போதும். மீதியைச் சொல்லாமல் விடும் அந்த இடைவெளியை எந்தத் தொகுப்பாளராலும் உண்டாக்க முடியாது. ஆனால் பணம் என்று வந்தால் கதை மாறிவிடும். "அப்பா, உங்களுக்கு எவ்வளவு கடன் இருந்தது?" என்று கேட்க மகனுக்கு நா எழாது. கேட்டாலும் பதில் மழுப்பலாக வரும். வெளியாள் தொகையைக் கேட்கலாம், வட்டியைக் கேட்கலாம், "வீட்டில் யாரிடம் மறைத்தீர்கள்?" என்றும் கேட்கலாம்.

அப்புறம் எடிட்டிங். தொகுப்பாளர் வெட்டி ஒட்டும்போது பேசியவரின் தயக்கம் காணாமல் போகலாம். அதனால் கடன், விவாகரத்து போன்ற விஷயங்களில், வெளியிடும் முன் எந்தப் பகுதி வெளியாகப்போகிறது என்று பேசியவரிடம் சொல்லிவிடுவதுதான் நியாயம்.